எசமானின் மாளிகையைத் தலையில் தூக்கி ஆடியவர்கள்: ஜான்கனூ முகமூடி ஆட்டம்

1837ஆம் ஆண்டின் இறுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஐசக் மென்டஸ் பெலிசாரியோ என்ற ஓவியர், கிறிஸ்துமஸ் காலத்துத் தெருக் காட்சிகளை வரைந்து வண்ணம் தீட்டிய கல்லச்சுப் படங்களாக வெளியிடத் தொடங்கினார். அவற்றில் ஒரு படத்தில் ஓர் ஆட்டக்காரர் நிற்கிறார். பட்டாளத்துச் சட்டை போட்டிருக்கிறார். தோள் வரை தொங்கும் சுருள்முடி. முகத்தில் வெள்ளைக்காரரின் சாயலில் எழுதிய முகமூடி. தலையில் அட்டையால் கட்டிய ஒரு மாளிகை, கரும்புத் தோட்ட முதலாளிகள் குடியிருந்தார்களே, அந்த மாதிரிப் பெரிய வீடு. அதைச் சுமந்தபடி ஆடுபவர் ஒரு கறுப்பின மனிதர். ஜமைக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் பழைய எசமானிடமே வேலை செய்தாக வேண்டும் என்ற நிலை 1838 ஆகஸ்ட் வரை நீடித்தது.

இந்த ஆட்டத்துக்கு ஜான்கனூ என்று பெயர். பஹாமாஸில் ஜங்கனூ என்பார்கள், மத்திய அமெரிக்காவின் கரீபியன் கரையில் இருக்கும் பெலீஸில் ஜாங்குனு. கரீபியன் என்றதும் பலருக்கு டிரினிடாட் கார்னிவல்தான் நினைவுக்கு வரும். ஜான்கனூவுக்கும் அதற்கும் உறவில்லை. கார்னிவல், கத்தோலிக்கர்களின் தவக்காலத்துக்கு முன்னால் வருவது. ஜான்கனூ, பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட தீவுகளில் கிறிஸ்துமஸை ஒட்டி வளர்ந்தது. ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே தொடக்கம். அப்படியிருந்தும் ஜமைக்காவில் அது தேய்ந்துபோனது, பஹாமாஸில் நாட்டின் அடையாளமாகவே ஆனது, பெலீஸில் இன்னொரு மக்களின் போர் நினைவாக மாறிவிட்டது. ஏன் இப்படி ஆனது என்று பார்க்கப் போனால், எல்லா இடத்திலும் ஒரு கேள்வியில்தான் போய் நிற்கிறோம்: தெருவில் முகத்தை மறைத்துக்கொண்டு ஆட யாருக்கு அனுமதி இருந்தது, அந்த அனுமதியைக் கொடுத்தவர் யார்?

முதலில் ஏன் கிறிஸ்துமஸ் என்று சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவில் கரும்பு வெட்டுவதும் ஆலையோட்டமும் பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டித் தொடங்கும். தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் இரவு பகல் கிடையாது; ஆலையில் கை மாட்டி நசுங்கியவர்கள், கொதிகலனில் வெந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்கு முன்னால் டிசம்பர் கடைசியில் சில நாட்கள் ஓய்வு கிடைத்தது. அந்தச் சில நாட்களில் மட்டும் தோட்டத்து அடிமைகள் வேறு தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் போகலாம், மேளம் அடிக்கலாம், முதலாளியின் வீட்டு வாசலுக்கே ஆடிக்கொண்டு வந்து காசும் குடியும் கேட்கலாம். நான்கு நாள் ஆடவிட்டால் மற்ற நாட்களில் அடங்கிக் கிடப்பார்கள் என்பது முதலாளிகளின் கணக்கு.

அதே நாட்களில்தான் அவர்களுக்கு பயமும் அதிகம். கிறிஸ்துமஸ் வந்தால் வெள்ளையர்களின் ஊர்ப்படையைத் தயார் நிலையில் வைப்பது வழக்கமாக இருந்தது. பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1831 டிசம்பர் 27 இரவு, பாப்டிஸ்ட் சபையில் போதகராக இருந்த சாம் ஷார்ப் என்ற அடிமையின் தலைமையில் மேற்கு ஜமைக்கா கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியை அடக்கிய பிறகு 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஷார்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆக, ஆட்டம் நடந்ததும் கிளர்ச்சி மூண்டதும் அதே விடுமுறை நாட்களில்தான்.

ஜான்கனூவைப் பற்றிய தெளிவான பழைய குறிப்பு 1774இல் கிடைக்கிறது. எழுதியவர் எட்வர்ட் லாங் என்ற தோட்ட முதலாளி. கறுப்பின மக்களைக் கேவலமாக எழுதியவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும். ஆனால் கண்ணில் பட்டதைக் குறித்து வைத்திருக்கிறார். கட்டுமஸ்தான ஆட்கள், தலையில் மாட்டுக் கொம்பு, வாயருகே காட்டுப்பன்றிக் கோரைப் பல் வைத்த பயங்கரமான முகமூடி, கையில் மரவாள். பின்னால் பெண்கள் கூட்டமாக வர, வாசலுக்கு வாசல் நின்று ‘ஜான் கோனு’ என்று உரக்கக் கத்தி ஆடுவார்களாம்.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆக்சிம் பக்கத்தில் 1720 வாக்கில் புகழோடு இருந்த ஜான் கோனி என்ற தலைவரின் நினைவாக இது நடக்கிறது என்றும் லாங் எழுதினார். கோனி கற்பனை ஆள் இல்லை. இன்றைய கானா நாட்டின் கடற்கரையில் பிராண்டன்பர்க்காரர்கள் (இன்றைய ஜெர்மனியில், பிரஷ்ய அரசரின் ஆட்சியில் இருந்த பகுதியினர்) கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. பிரஷ்ய அரசர் அதை டச்சுக்காரர்களுக்கு விற்றுவிட்டார். அங்கே இருந்த கோனி, என்னைக் கேட்காமல் விற்ற கோட்டையை நான் ஏன் விட வேண்டும் என்று 1724 வரை டச்சுப் படையை உள்ளே விடவில்லை. ஐரோப்பியர்களைத் தடுத்து நின்ற கறுப்பினத் தலைவனின் பெயர் கடல் தாண்டி வந்தது என்று நம்ப யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டை வழியாக மனிதர்களும் விற்கப்பட்டார்கள். கோனியும் அந்த வியாபாரத்துக்குள் இருந்தவர்தான். பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. மாட்டுத்தலை, கொம்பு, முகமூடி எல்லாம் மேற்கு ஆப்பிரிக்கச் சடங்காட்டங்களின் உறவு என்பதை மட்டும் பெரும்பாலும் எல்லோருமே ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்த மாட்டுத்தலை மேல் இங்கிலாந்து வந்து ஏறியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிங்ஸ்டன் தெருக்களில் ‘நடிகர் பையன்’ என்ற வேடம் பிரபலமானது. இறகு செருகிய உயரமான தலையணி, பொய்முடி, வெள்ளை முகமூடி, அடுக்கடுக்கான பாவாடை, கையில் விசிறி. இவர்கள் தெருவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து வசனம் பேசுவார்கள், வாள்சண்டை போடுவார்கள். மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தின் மேல் தனிப் பிரியம் என்றும், ஆனால் வரிசை முறையைப் பற்றிக் கவலைப்படாமல் வேண்டிய துண்டுகளை எடுத்துக்கொள்வார்கள் என்றும் பெலிசாரியோ எழுதுகிறார். அரசனைப் போர்க்களத்தில் வெட்டிச் சாய்க்கும் நாடகத்தை அடிமைகளாகவும் அடிமைகளின் பிள்ளைகளாகவும் இருந்தவர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இவர்களைத் தவிர, ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு அணி அணியாக வரும் பெண்களும் உண்டு. சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும் கடும் போட்டி. ஹைட்டியில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அடிமைகள் நடத்திய புரட்சியின்போது ஓடிவந்தவர்களின் வழியில் பிரெஞ்சு அணி ஒன்றும் இருந்தது.

இன்றும் ஜமைக்காவில் எஞ்சியிருக்கும் குழுக்களைப் பார்த்தால் ஒவ்வொரு வேடத்துக்கும் தனி அசைவு இருப்பது தெரியும். மாட்டுத்தலைக்காரர் குனிந்து தரையோடு தரையாக முட்ட வருவார். குதிரைத்தலை உதைக்கும், தாடையைப் படக்கென்று மூடிக் கடிக்க வரும். பேய் வேடக்காரர் முட்கோலால் குத்திக் குத்தி ஆடுவார். அரசனும் அரசியும் தளர்நடையாக, கம்பீரமாக வருவார்கள். போலீஸ்காரர் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதட்டுவார். பிள்ளைத்தாய்ச்சி வேடம் தாளத்துக்குத் தக்கபடி வயிற்றை மட்டும் குலுக்கும். உள்ளே இருப்பவர் ஆண்தான். மரபாக எல்லா வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள்.

இவர்களில் என் கண்ணை விட்டு அகலாத வேடம் பிச்சி பாச்சி. உடம்பு முழுக்க கந்தல் துணிக் கீற்றுகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கையில் கிடைத்த துணியையெல்லாம் விரற்கடை அகலத்தில் கிழித்து, உள்சட்டையின் மேல் வரிசை வரிசையாக, கீழ் வரிசையின் தலைப்பை மேல் வரிசை மூடும்படி தைப்பார்கள். நின்றால் துணி மூட்டை மாதிரி இருக்கும். சுழன்று குதித்தால் கீற்றுகள் அத்தனையும் விரிந்து ஆள் இரண்டு மடங்கு பெரிதாகிவிடுவார். குழுவில் எல்லோரையும் விட அதிகம் தாவுவது இவர்தான்; பெரிய வட்டமாக ஓடி, குட்டிக்கரணம் போட்டு, மற்றவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைப்பார். எசமானர்கள் கழித்துப்போட்ட துணியே உடையாக இருந்த ஒரு சமூகம், அந்தக் கந்தலை வைத்தே தெருவில் யாரும் கண்ணெடுக்க முடியாத உடையைத் தைத்துவிட்டது.

முகமூடிக்குப் பெரும்பாலும் மெல்லிய கம்பிவலை. அதை முக வடிவத்துக்கு வளைத்து, மேலே வெள்ளையோ இளஞ்சிவப்போ பூசி, புருவமும் உதடும் எழுதுவார்கள். உள்ளே இருப்பவருக்கு வெளியே எல்லாம் தெரியும்; வெளியே இருப்பவருக்கு உள்ளே யார் என்று தெரியாது. தலையைத் துணியால் கட்டி மூடிவிடுவார்கள். பேச வேண்டி வந்தால் கரகரத்த கிசுகிசுப்புதான், சொந்தக் குரல் வெளியே வரக் கூடாது. குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடுவதற்கு மாட்டுக் கொம்பு ஒரு காரணம் என்றால், பக்கத்து வீட்டு மாமாவா வேற்று ஊர்க்காரரா என்று தெரியாத அந்தக் குரல் இன்னொரு காரணம். இசைக்குக் குழல், குச்சியால் அடிக்கும் மேளம், பெரிய மேளம், சுரண்டி ஒலி எழுப்பும் துருவுத் தகடு. முன்பு குதிரையின் தாடையெலும்பைக் குச்சியால் உரசியும் தாளம் எழுப்பினார்கள்.

இந்தியர்களுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. அடிமை முறை போன பிறகு, கரும்புக் காட்டில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் 1845 மே மாதம் ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் விரிகுடாவுக்கு வந்தது. வந்தவர்களில் பெரும் பகுதியினர் வட இந்தியர்கள். கொஞ்ச காலத்தில் ‘பாபு’ என்று ஒரு வேடம் ஜான்கனூவுக்குள் நுழைந்தது: கையில் நீண்ட தார்க்குச்சியோடு மாடு மேய்க்கும் இந்தியர். கேலி இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அரசனையும் போலீஸ்காரரையும் வைத்துக் கேலி செய்த அதே வரிசையில்தான் பாபுவும் வந்தார். தெருவில் புதிதாக யார் அதிகாரத்தோடோ ஆதரவற்றோ நடந்து போனாலும் அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அவர்களைப் போல ஒருவர் ஆட்டத்துக்குள் வந்துவிடுவார். இந்த ஆட்டம் பல காலம் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

சரி, விடுதலை வந்த பிறகு ஆட்டம் இன்னும் ஓங்கியிருக்க வேண்டுமே? நடந்தது வேறு. அடிமைக் காலத்தில் முதலாளி கொடுத்த விடுமுறையில், முதலாளியின் கண் முன்னால், அவர் கொடுத்த காசில் நடந்த ஆட்டம் இது. இப்போது விடுதலை பெற்றவர்கள் யாருடைய தயவும் இல்லாமல் முகமூடியோடு நகரத்தின் நடுவே வந்து நின்றார்கள். அது ஆட்சியாளர்களுக்குப் பொறுக்கவில்லை. 1841 கிறிஸ்துமஸுக்கு கிங்ஸ்டன் மேயர் ஊர்வலத்தைத் தடை செய்தார், மக்கள் அடங்க மறுத்தார்கள், கலவரம் வெடித்தது. இன்னொரு பக்கம் மிஷனரிகள். விடுதலைக்காகக் குரல் கொடுத்த அதே சபைகள், இந்த ஆட்டம் அடிமைக் காலத்து அசிங்கம், கிறிஸ்தவர்களுக்கு ஒவ்வாதது என்று போதித்தன. படித்து முன்னேறிய கறுப்பினக் குடும்பங்களும் மெல்ல விலகிக்கொண்டன. செலவு செய்ய ஆள் இல்லாமல் நடிகர் பையனின் பட்டும் இறகும் முதலில் போயின. கிராமங்களில் மாட்டுத்தலையும் கந்தல் உடையும் மட்டும் பிழைத்தன.

1951இல் கிளீனர் நாளிதழ் நாடு முழுவதற்கும் ஒரு ஜான்கனூ போட்டி நடத்தியது. மறைந்துவிட்டது என்று நினைத்த குழுக்கள் மூலை முடுக்கிலிருந்து வந்தன. 1962 சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் கலைவிழாக்கள் அவர்களுக்கு மேடை கொடுத்தன. மேடை கிடைத்தது நல்லதுதான். ஆனால் வாசலுக்கு வாசல் வந்து பயமுறுத்திக் காசு வாங்கும் ஆட்டத்துக்கும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் பத்து நிமிடம் ஆடிவிட்டு இறங்கும் ஆட்டத்துக்கும் உள்ள தூரம் அதிகம். இன்று ஜமைக்காவில் இளைய தலைமுறை ஜான்கனூவைப் பெரும்பாலும் பள்ளி விழாவிலும் ஓட்டல் முற்றத்திலும்தான் பார்க்கிறது.

பஹாமாஸில் கதை வேறு. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்று தோற்ற அரசவாதிகள் 1783க்குப் பிறகு தங்கள் அடிமைகளோடு அங்கே வந்து குடியேறினார்கள். பெரிய கரும்புத் தோட்டங்கள் இல்லாத தீவுகள் அவை. எல்லாம் தலைநகர் நாசோவிலும், அங்கே கடைகள் வரிசையாக நிற்கும் பே தெருவிலும் குவிந்திருந்தது. அந்தத் தெருவின் வெள்ளை வியாபாரிகள்தான் நாட்டையும் நடத்தினார்கள். டிசம்பர் 26 விடியற்காலையிலும் புத்தாண்டு விடியற்காலையிலும் அதே தெருவுக்குள் மணியும் மேளமுமாகக் கறுப்பின மக்கள் புகுந்தார்கள் என்றால் அதன் அர்த்தம் எல்லோருக்கும் புரியும்.

1942 ஜூன் 1ஆம் தேதி, விமானத்தளம் கட்டும் வேலையில் நாள் கூலி 4 ஷில்லிங் போதாது என்று தொழிலாளர்கள் அதே பே தெருவுக்கு ஊர்வலமாக வந்து கடைகளை நொறுக்கினார்கள். பர்மா சாலைக் கலவரம் என்று அதைச் சொல்வார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர், பிரிட்டிஷ் அரியணையைத் துறந்த எட்டாம் எட்வர்ட். கூட்டம் கூடத் தடை வந்தது. ஜங்கனூவும் சில ஆண்டுகள் பே தெருவை விட்டு வெளியேறியது. கூலிக் கலவரத்துக்கும் கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டிலும் வந்தது ஒரே கூட்டம், ஒரே தெருவுக்குள். ஆட்சியாளர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

1940களின் பிற்பகுதியில் ஆட்டம் திரும்பி வந்தபோது அதன் உருவம் மாறத் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், பரிசு கொடுக்கலாம், அழகாக நடத்தலாம் என்று வியாபாரிகளும் யோசித்தார்கள். போட்டி பெரிதானது. சாக்சன்ஸ், வேலி பாய்ஸ், ரூட்ஸ், ஒன் ஃபேமிலி போன்ற பெருங்குழுக்கள் எழுந்தன. 1967இல் கறுப்பினப் பெரும்பான்மை ஆட்சியும் 1973இல் சுதந்திரமும் வந்த பிறகு, முன்பு தெருவிலிருந்து விரட்டப்பட்ட ஆட்டம் நாட்டின் முகமாக நின்றது. 2023இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உடையின் கதை இன்னும் சுவையானது. ஒரு காலத்தில் பஹாமாஸ் மக்களின் பிழைப்பு, கடலடியிலிருந்து எடுத்து விற்கும் கடற்பஞ்சு. ஆட்டக்காரர்கள் அந்தப் பஞ்சுத் துண்டுகளையே உடையில் கோர்த்துக் கட்டினார்கள். 1938இல் நோய் தாக்கிக் கடற்பஞ்சு பெரும்பாலும் அழிந்தது. செய்தித்தாளைக் கீற்றாக வெட்டி ஒட்டும் வழக்கம் வளர்ந்து, பிறகு சுருக்கம் சுருக்கமான மெல்லிய வண்ணக் கிரேப் தாள் வந்தது. இப்போது முறை இதுதான்: பெட்டி அட்டையை வெட்டி வளைத்து, அலுமினியக் கம்பி வைத்துக் கட்டி உருவம் செய்வார்கள். கிரேப் தாளை மெல்லிய பட்டையாக நறுக்கி, ஓரத்தைச் சீப்புப் பல் போலக் கத்தரித்து, அட்டை கொஞ்சம்கூட வெளியே தெரியாதபடி வரிசை மேல் வரிசையாக ஒட்டுவார்கள். ஒரு பெரிய உருவத்துக்கு மாதக்கணக்கில் ஒட்டல் வேலை இருக்கும். ‘ஷாக்’ என்று அழைக்கப்படும் கொட்டகைகளில் இரவு நேரங்களில் இது நடக்கும்; இந்த ஆண்டு எங்கள் கருப்பொருள் இது என்று எதிர்க்குழுவின் காதில் விழக் கூடாது. ஆட்டத்தன்று ஆட்டுத்தோல் மேளத்தின் சுருதி இறங்கினால் தெருவோரத்தில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி ஏற்றுவார்கள். அப்புறம் மாட்டு மணி, விசில், ஊதுகொம்பு. 1970களிலிருந்து பித்தளைக் குழல்களும் சேர்ந்தன.

இவ்வளவு வளர்ச்சியிலும் ஒன்று நழுவிவிட்டது: முகமூடி. பழைய ஜங்கனூவில் கம்பிவலை முகமூடி உண்டு. இன்று பே தெருவில் ஆடுபவர்கள் பெரும்பாலும் முகத்தில் வண்ணமும் மினுக்கும் பூசிக்கொண்டு வருகிறார்கள். போட்டியில் குழுவின் பெயர் தெரிய வேண்டும், ஆடுபவரின் சிரிப்பு தெரிய வேண்டும், வீட்டார் கூட்டத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒளிந்துகொள்ள அவசியமில்லாத நாட்டில் முகத்தைத் திறந்து ஆடுவது ஒரு வெற்றிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் யார் கேலி செய்கிறார் என்று தெரியாததால் கிடைத்த துணிச்சல் அதோடு போய்விட்டது. அதிகாரத்தில் இருப்பவர்களைக் குத்திக்காட்டும் வேலையை, பரிசுக்கு ஆடாத சின்னச் சின்னக் குழுக்கள்தான் இன்னும் செய்துகொண்டிருக்கின்றன.

முகமூடியை விடாமல் வைத்திருப்பவர்கள் பெலீஸிலும் ஹோண்டுராஸிலும் வாழும் கரிஃபுனா மக்கள். செயின்ட் வின்சென்ட் தீவில் ஆப்பிரிக்கரும் தீவின் பூர்வகுடிகளும் கலந்து உருவான இந்த மக்கள், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டார்கள். தலைவர் சதுயே 1795இல் கொல்லப்பட்டார். 1797இல், பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள் போக மிஞ்சிய சுமார் 2,000 பேரைக் கப்பலேற்றி ஹோண்டுராஸ் கரையை ஒட்டிய ரோவாத்தான் தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பரவியவர்கள், மரம் வெட்டும் முகாம்களில் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களிடமிருந்து இந்த ஆட்டத்தைக் கற்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கரிஃபுனா மக்கள் சொல்லும் கதை வேறு: வெள்ளைப் படை தேடி வந்தபோது ஆண்கள் பெண் வேடம் போட்டுக் காத்திருந்து தாக்கினார்கள், அதன் நினைவுதான் இந்த உடை என்கிறார்கள். எனக்கு இரண்டையும் மோதவிடத் தோன்றவில்லை. எங்கிருந்து வந்த ஆட்டமானாலும் தங்கள் போரை அதற்குள் அவர்கள் வைத்துவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டை, மார்பில் குறுக்காக வண்ண நாடாக்கள், இறகும் கண்ணாடித் துண்டும் வைத்த தலையணி, வெளிறிய இளஞ்சிவப்பு முகமும் மெல்லிய மீசையும் எழுதிய கம்பிவலை முகமூடி. முழங்காலுக்குக் கீழே சிறு சங்குகளைக் கோர்த்த சலங்கை. இதில் மேளத்துக்கு ஆட்டக்காரர் ஆடுவதில்லை. ஆட்டக்காரரின் காலைப் பார்த்து மேளக்காரர் அடிக்கிறார். முழங்கால் எந்த நொடியில் துடிக்கும் என்று மேளக்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. கண்ணைக் காலிலிருந்து எடுத்தால் தாளம் தவறிவிடும். கூட்டம் நடுவே ஒவ்வொருவராக வந்து ஆடுவார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஜனவரி 6 ஆகிய நாட்களில் வீடு வீடாகப் போவார்கள்.

இணையத்தில் இந்த ஆட்டங்களின் காணொளிகள் ஏராளம். பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பஹாமாஸ் காணொளியில் தொலைவிலிருந்து எடுத்த பிரம்மாண்டக் காட்சிகளை விட, தெருவோரமாக நின்று எடுத்ததைத் தேடுங்கள். அட்டை மேல் ஒட்டிய தாள் வரிசைகள் அப்போதுதான் தெரியும். ஜமைக்காவுடையது என்றால் மேடையில் ஆடியதை விட்டுவிட்டு, கிராமத்துச் சாலையில் நான்கைந்து பேர் வருவதைத் தேர்ந்தெடுங்கள். பெலீஸ் என்றால் முகமூடியைப் பார்ப்பதற்கு முன்னால், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மேளக்காரரின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.